கச்சேரியின் பின்வாசல்

போன மாதம் நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்து என் வீட்டு மணியை அடித்தார். சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் பழைய அரசாங்கக் கட்டடத்தைத் திருத்தி அருங்காட்சியகம் ஆக்குகிறார்களாம். அங்கே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஹவுஸ்மைஸ்டராக இருந்தவன் நான். அதாவது சாவி, சூடாக்கி, படிக்கட்டு, கூரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன். பார்வையாளர்கள் படிப்பதற்கு ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கூரைக் கடிகாரத்துக்குக் கிழமைக்கு ஒரு தடவை சாவி கொடுப்பது பற்றி, பனிக்காலத்தில் செருமுகிற கிழட்டுச் சூடாக்கி பற்றி, வலப்பக்கம் மட்டும் தேய்ந்த ஓக் மரப் படிகள் பற்றி. அவர் வாசித்துச் சிரித்தார். மிக அழகாக இருக்கிறது என்றார்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் என் வாழ்நாளில் நடந்த ஒரே பெரிய விஷயம் அதில் இல்லை. அதை ஜெர்மன் மொழியில் எழுத எனக்குத் திராணி இல்லை. தமிழில் எழுதவே ஆறு வருடம் பிடித்திருக்கிறது.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய நகரம். டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நெப்போலியன் தோற்றபின் இந்த எல்லைப்புறம் பிரஷ்ய அரசின் கைக்கு வந்தது. பெர்லினிலிருந்து ஒரு அதிகாரி வந்து இறங்கினாராம். இங்குள்ள சனத்தின் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. அவருடைய பேச்சு சனத்துக்கு விளங்கவில்லை. அவர் செய்த முதல் வேலை இந்தக் கட்டடத்தைக் கட்டியதுதான். முன்பக்கம் ஏழு கற்படிகளும், மேலே கல்லில் வெட்டிய கழுகும். பின்பக்கம் முற்றம், அதற்கு வண்டி நுழையக்கூடிய இரட்டைக் கதவு. எல்லை தாண்டிக் கோப்பியும் புகையிலையும் கடத்தியவர்களையும் அவர்களுடைய சாமான்களையும் அந்தப் பின்வாசலால்தான் கொண்டுவருவார்களாம்.

நான் வேலைக்குப் போன காலத்தில் மாவட்டத்தின் வெளிநாட்டார் அலுவலகம் அங்கே இருந்தது. அகதி விண்ணப்பம், விசா நீடிப்பு, டுல்டுங் எல்லாம் அங்கேதான். டுல்டுங் என்பது, உன்னை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் இப்போதைக்கு அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை போய் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். ஜெர்மன்காரர் அந்தக் கட்டடத்தைப் 'பழைய அலுவலகம்' என்பார்கள். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கச்சேரி. இந்தியத் தமிழர் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் நாட்டில் அரசாங்க அதிபரின் கந்தோருக்குக் கச்சேரி என்றுதான் பெயர்.

எனக்குக் கச்சேரி புதிதல்ல. மன்னார்க் கச்சேரியில் பதினொரு வருடம் பியோனாக இருந்தவன் நான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும், அரசாங்க வேலைதான் வேலை என்று சொல்லித்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டார்கள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்து, இந்தக் கட்டடத்தின் ஏழு படிகளிலும் விண்ணப்பத்தோடு நின்று, அகதியாக ஏற்கப்பட்டு, தொழிற்சாலை ஒன்றில் கூட்டித் துடைத்து, கடைசியில் அதே கட்டடத்தில் உதவி ஹவுஸ்மைஸ்டராகச் சேர்ந்தேன். பிறகு முழுப் பொறுப்பும் வந்தது. கோழி மாறவில்லை, கோறணமேந்துதான் மாறியது என்று மனைவியிடம் பகிடி விடுவேன்.

என் மேலாளர் ஹெர் விட்காம்ப். மாவட்டத்தின் அரசாங்கக் கட்டடங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், முன்படிகளைப் பார்த்த யன்னலோரம் அவருடைய மேசை. உயரமான, மெலிந்த மனிதர். கோடையிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, வேலை பழக்கிய நாட்கள் தவிர வாயால் வேலை சொன்னதுமில்லை. ஒவ்வொரு நாள் பின்னேரமும் உள்ளங்கை அளவு தாள் ஒன்று என் அறைக் கதவின் கீழால் உள்ளே வரும். பென்சிலால் மூன்று விஷயம் எழுதியிருப்பார்: நேரம், இடம், வேலை. '06.00, முன்படி, உப்பு.' '10.30, அறை பதினான்கு, யன்னல் கொழுக்கி.' ஏன், யாருக்கு, எதற்கு என்று ஒரு சொல் இருக்காது. ஆரம்பத்தில் ஒரு தடவை மாடிக்குப் போய் ஏன் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹெர் அருளப்பு, ஏன் என்று எழுதினால் தாள் பெரிதாகிவிடும்," என்றார்.

நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வேலையை அவர் பழக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு கிழமையும் என்னுடன் விடியற்காலையில் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். முதலில் நிலவறை, சூடாக்கியின் அமுக்கமானி. பிறகு எண்ணெய்த் தொட்டி, அதற்குள் ஒரு நீண்ட கோலை விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு பின்படி, முன்படி. பிறகு கிழக்குப் பக்கத்திலிருந்து யன்னல் பலகைகளைத் திறப்பது. முன்கதவு எட்டு மணிக்குத்தான் திறக்க வேண்டும், ஒரு நிமிடம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

முற்றத்துக் கதவுக்கு மட்டும் ஒரு காலை முழுவதும் எடுத்தார். இடப்பக்கக் கதவின் பிணைச்சல் இறங்கிவிட்டது. தோளைக் கொடுத்துத் தூக்கித்தான் திறக்க வேண்டும். திறந்தபின்னும் தானாக நிற்காது, காற்றடித்தால் படாரென்று வந்து மூடும். பிணைச்சலை மாற்றலாமே என்றேன். புராதனக் கட்டடம் என்று பதிந்திருப்பதால் ஒரு ஆணியும் மாற்ற ஏலாதாம். ஆகவே வாகனம் வந்து போகும்வரை ஒரு ஆள் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் நான்.

"மக்கள் தாங்களாக வருவதற்கு ஒரு வாசல், அரசாங்கம் கொண்டுவருவதற்கும் கொண்டுபோவதற்கும் ஒரு வாசல்," என்று அன்று விட்காம்ப் சொன்னார். "கட்டியவர் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்."

அந்தப் பெரிய கதவுக்குள் ஆள் குனிந்து நுழைகிற திட்டிவாசல் ஒன்று உண்டு. அதன் சாவி என்னிடம். என் பாவம் அங்கேதான் தொடங்குகிறது.

மன்னார்க் கச்சேரியில் முன்வாசலால் வருகிறவர்கள் தெரிந்தவர் இல்லாத ஆட்கள்தான். பியோனைத் தெரிந்தவர்கள் பின்பக்கத்து மாமரத்தடியால் வருவார்கள். இலஞ்சம் என்று நினைக்க வேண்டாம், ஒரு வெற்றிலை வாங்கியதில்லை. தெரிந்த மனிதனை வெயிலில் நிற்க விடுவது மரியாதை இல்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை நான் கப்பலேற்றி இங்கேயும் கொண்டுவந்தேன். எட்டு மணிக்கு டெர்மின், அதாவது அதிகாரியைக் காணக் குறித்த நேரம், என்றால் எங்கள் ஆட்கள் ஏழு மணிக்கே வந்து படியில் நிற்பார்கள். பனியோ மழையோ, நிற்பார்கள். ஜெர்மன்காரன் டெர்மினுக்கு ஐந்து நிமிடம் இருக்கத்தான் வருவான். எங்களுக்கோ பயம். நான் திட்டிவாசலால் அவர்களை உள்ளே எடுத்து, பின்படியால் ஏற்றி, முதல் மாடி நடையில் சூடாக்கிக்குப் பக்கத்து நீட்டு மர வாங்கில் இருத்திவிடுவேன்.

கொஞ்ச நாளில் என் பெயர் பரவியது. பீலெஃபெல்டில் இருந்தவர்கள்கூட "அங்கை கச்சேரியிலை எங்கட ஆள் ஒராள் இருக்கிறார்" என்று சொல்லுமளவுக்கு. டெர்மினுக்கு முதல் நாள் என் வீட்டுக்குப் போன் வரும். "அண்ணை, நாளைக்கு ஆர் இருக்கினம்? அந்தக் கண்ணாடிக்காரியோ?" என்பார்கள். எனக்கும் பெருமைதான். ஒரு முத்திரையையும் அரை அங்குலம் நகர்த்த வல்லமை இல்லாத ஒருவன், நாலு பேர் கும்பிடக் கும்பிட, தானே கோறணமேந்து என்று நினைக்கத் தொடங்கிவிட்டான்.

இனிச் செபமாலை. பேசாலைப் பையன், மன்னார்ப் பக்கம் என்பதால் எனக்கு ஊர்க்காரன் மாதிரி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. கதைப்பது குறைவு, ஆனால் மாதத்துக்கொருமுறை தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் அவன் பாடினால் கோவில் நிறைந்துவிடும். மனைவி ரெஜினா அவனுக்கு மூன்று வருடம் பிந்தி வந்தவள். அவளுடைய விண்ணப்பம் தனிக் கோப்பு, அது இன்னும் விசாரணையில் இருந்தது. அவனுடையது எல்லாப் படியும் ஏறி நிராகரிக்கப்பட்டு டுல்டுங்கில் நின்றது.

அது எங்கள் நாட்டில் போர் நின்று சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிய காலம். கண்டி வீதி திறந்துவிட்டது, மன்னாருக்குப் பேருந்து ஓடுகிறது, பிறகு ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு டெர்மினும் பயமாக இருந்தது. சிலருக்கு முத்திரை கிடைத்தது. சிலருக்கு விமானச்சீட்டு.

செபமாலைக்கு ஒரு பெண் வழக்கறிஞர் இருந்தார். ஐம்பது வயது, சைக்கிளில் திரிகிறவர். எங்கள் ஆட்களின் வழக்குகளைப் பலர் தொட மறுத்தபோது அவர் எடுத்தார். செபமாலையை அனுப்பக் கூடாது என்று நீதிமன்றத்தில் அவசர மனு போட்டிருந்தார். பதில் இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலையில் கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவனுக்கு டெர்மின் விழுந்தது. திங்கள் பின்னேரம் அவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, நாளைக்கு எட்டு மணி. வக்கீல் முன்படியிலை நிக்கச் சொன்னவ. தான் வராமல் உள்ளுக்கை போக வேண்டாமாம்."

"ஏனாம்?"

"கோட்டிலையிருந்து பதில் வந்திருந்தால் அதோடை உள்ளுக்கை போகலாமாம். வரேல்லையெண்டால் உள்ளுக்கை போகாமல் அப்பிடியே பாதரிட்டைக் கூட்டிக்கொண்டு போய்க் கோவில் வீட்டிலை இருத்துறன் எண்டவ. அங்கை பொலிஸ் வராதாம்."

"சரி சரி. நாளைக்கு மழை எண்டு சொல்லுறாங்கள். நீ பின்னாலை வா. நான் இருக்கிறன்தானே."

"அவ முன்னாலை எண்டு..."

"அட, உள்ளுக்கை சூட்டிலை இரன். அவ வந்தவுடனை நான் வந்து சொல்லுறன். என்ன, என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

அவன் சிரித்தான். "உங்களிலை இல்லாமல் வேறை ஆரிலை அண்ணை," என்றான்.

அன்று பின்னேரம் கதவின் கீழால் வந்த தாளில், '07.45, முற்றத்துக் கதவு, ஒரு வாகனம்' என்று இருந்தது. குளிர்காலம், சூடாக்கி எண்ணெய் வண்டியாக்கும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு நாளைக்கு முன் தொட்டிக்குள் கோலை விட்டுப் பார்த்தவன் நான். தொட்டி நிறைந்து கிடந்தது. நிறைந்த தொட்டிக்கு எதற்கு எண்ணெய் வண்டி என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஏன் என்று கேட்காமல் இருப்பது பதினைந்து வருடத்தில் எனக்குக் கைவந்துவிட்டது.

செவ்வாய் விடிய நல்ல மழை. ஏழு இருபதுக்குத் திட்டிவாசலில் தட்டினான். தலை நனைந்திருந்தது. பழுப்பு நிறச் சட்டை, கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் கோப்பு. பின்படியால் கூட்டிப்போய் வழக்கமான வாங்கில் இருத்தினேன். என் அறையிலிருந்து ஒரு துவாயும் கொண்டுவந்து கொடுத்தேன். அதிகாரிகள் வரும் நேரம்தான் என்றாலும் எட்டுக்கு முன் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அந்தத் துணிவில், "பேசாமல் இரு, இந்தா வாறன்" என்றுவிட்டுக் கீழே இறங்கினேன். முன்கதவுக்குப் போய் வழக்கறிஞர் வந்துவிட்டாரா என்று பார்ப்பதுதான் எண்ணம். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு நாற்பத்திரண்டு. தாளில் உள்ளது முதலில், மற்றது பிறகு என்று முற்றத்துக்குப் போனேன்.

தோளைக் கொடுத்துக் கதவைத் தூக்கித் திறந்தேன். வந்தது எண்ணெய் வண்டி இல்லை, சாம்பல் நிறக் கார். இரண்டு ஆண்கள் இறங்கி அட்டையைக் காட்டினார்கள். சாதாரண உடுப்பில் பொலிஸ். ஒருவர் "காலை வணக்கம்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு எப்படிப் போவது என்று கேட்டார். நான் பின்படியைக் கையால் காட்டினேன்.

அவர்கள் ஏறத் தொடங்கியவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் விளங்காத மாதிரி நின்றேன். வேறு யாருக்காகவோ வந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். எட்டு மணிக்கு முன் அவனை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கதவை விட்டால் காற்றில் அடித்துக் காரில் விழும் என்றும் சொல்லிக்கொண்டேன். விழுந்தால் என்ன? ஒரு கார் நெளியும், எனக்கு ஒரு கடிதம் வரும், அவ்வளவுதானே. நிலமட்டத்தில் ஒரு நடை இருக்கிறது, அதால் ஓடினால் முன்கதவு அரை நிமிடம். வழக்கறிஞர் அங்கே நின்றார் என்று பிறகு தெரிந்தது, ஏழரையிலிருந்தே நின்றாராம். நான் ஓடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒரு எழுதுவினைஞர் சொல்லித்தான் அறிந்தேன். அதிகாரி தன் அறைக்குப் போகும் வழியில் அவனை வாங்கில் கண்டிருக்கிறார். வந்துவிட்டீர்களா, நல்லது, உள்ளே வாருங்கள் என்றிருக்கிறார். வெளியே நிற்கிறவனை உள்ளே வா என்று இழுக்க ஆளில்லை. உள்ளே இருக்கிறவன் எழும்பித்தானே ஆகவேண்டும்.

பத்து நிமிடத்தில் மூன்று பேராகப் பின்படியால் இறங்கி வந்தார்கள். ஒருவர் அவனுடைய முழங்கையைப் பிடித்திருந்தார். என்னைக் கடக்கும்போது அவனுடைய ஈரச் சட்டை என் கையில் பட்டது. காரில் ஏற்றினார்கள். கார் திரும்பி வெளியே போனது. நான் கதவை மூடி, தாழ்ப்பாளைக் கல்லுக்குள் இறக்கி, முன்னால் போய், சரியாக எட்டு மணிக்கு முன்கதவைத் திறந்தேன்.

வழக்கறிஞர் குடையோடு முதல் ஆளாக நின்றார். செபமாலையைக் கண்டீர்களா என்று கேட்டார். கொண்டுபோய்விட்டார்கள் என்றேன்.

"எப்படி? நான் அரை மணித்தியாலமாக இங்கே நிற்கிறேனே. அவர் எந்த வழியால் உள்ளே போனார்?"

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் மாடிக்கு ஓடினார், தொலைபேசியில் கத்தினார், விமான நிலையத்துக்குப் போனார். மத்தியானம் விமானம் ஏறிவிட்டது. பின்னேரம் நாலு மணிக்கு நீதிமன்றத்தின் பதில் வந்தது. அவனை அனுப்பக் கூடாது என்று தீர்ப்பு.

அந்த 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை நான் பிறகு எத்தனை பேருக்குச் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. ரெஜினா கேட்டாள், "அண்ணை, அவர் என்னண்டு வக்கீலைக் காணாமல் உள்ளுக்கை போனவர்?" என்று. தெரியாது பிள்ளை என்றேன். அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவர், "வக்கீல் மனுசி பிந்தித்தான் வந்திருப்பா, பிறகு கதை விடுறா" என்றார். இன்னொருவர், "உவையள் எல்லாம் ஒண்டுதான்" என்றார். நான் என் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். மெல்ல மெல்ல எங்கள் ஆட்கள் அவரிடம் போவதை விட்டுவிட்டார்கள். சைக்கிளில் வந்து எங்களுக்காக மழையில் நின்ற ஒரே ஆளின் தலையில் என் பழி ஏறியது. நான் அதை இறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு அடுத்த நாள் விடிய, நிலவறையில் அமுக்கமானியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விட்காம்ப் இறங்கி வந்தார். பழக்கிய நாட்களுக்குப் பிறகு அவர் அங்கே வந்ததே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எனக்கும் மேலேயிருந்து ஒரு தாள்தான் வருகிறது. அதிலும் நேரமும் இடமும்தான் இருக்கும்," என்றார்.

நான் அமுக்கமானியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

"உங்கள் ஆட்களை நீங்கள் சின்னக் கதவால் விடுவது எனக்குப் பல வருடமாகத் தெரியும்."

"ஏன் தடுக்கவில்லை?"

"மழையில் அவர்கள் நிற்பதை என் யன்னலிலிருந்து நானும் பார்க்கிறவன்தானே."

செபமாலை எந்த வழியால் வந்தான் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் கேள்வி கேட்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் எங்கள் இருவருக்குமே இல்லாமல் போய்விட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் திட்டிவாசலால் விடவில்லை. எங்கள் ஆட்கள் படியில் நின்று நனைந்தார்கள். "அருளப்பர் இப்ப பெரிய துரை, ஆக்களைத் தெரியாது" என்று பேசிக்கொண்டார்கள். அது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகவே இருந்தது. செய்த குற்றத்துக்கு இல்லாவிட்டாலும் செய்யாத குற்றத்துக்காவது யாரோ ஏசுகிறார்களே.

செபமாலையைக் கொழும்பில் இரண்டு நாள் வைத்து விசாரித்தபின் வெளியே விட்டார்கள். பேசாலைக்குப் போனான். கிழமைக்கொருமுறை ரெஜினாவுக்குப் போன் எடுத்தான். மீன்வாடி ஒன்றில் வேலை என்றும், இங்கே திரும்பி வர வழக்கறிஞர் மனு எழுதுகிறார் என்றும் ரெஜினா சொல்வாள். மனுக்கள் போயின, பதில்கள் வரவில்லை. பிறகு சமாதானம் முறிந்தது. சனத்தோடு சனமாக அவன் சண்டை நடந்த வன்னிக்குள் போனான் என்று ஒரு செய்தி வந்தது. போன வருடக் கடைசியில் யாருடையதோ தொலைபேசியிலிருந்து ஒரு நிமிடம் கதைத்திருக்கிறான். இந்த வருடம் வைகாசியில் போர், எல்லாம் முடிந்தது. முகாம்களிலிருந்து வந்த பெயர்களில் அவன் பெயர் இல்லை. இறந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களிலும் இல்லை.

இந்த ஆறு வருடமும் ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்கு என் மனைவி செய்கிற கேக்கை எடுத்துக்கொண்டு ரெஜினா வீட்டுக்குப் போய்வந்தேன். அவளுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறுவேன். குளிர் கூட, ரயில் பிந்துது என்று எதையாவது கதைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

அருங்காட்சியகத்துக்கு அந்த அழகான பக்கத்தை எழுதிக் கொடுத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறார். இன்னும் பதில் இல்லை, எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. பிறகு சனிக்கிழமை பின்னேரம், நத்தாரும் இல்லை கேக்கும் இல்லை, வெறுங்கையோடு ரெஜினா வீட்டுக்குப் போனேன். உட்காருவதற்கு முன்னமே சொல்லத் தொடங்கிவிட்டேன். தாளைச் சொன்னேன், திட்டிவாசலைச் சொன்னேன், வாங்கைச் சொன்னேன். நானே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை, ஏசவில்லை. மேசை விரிப்பைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றாள். "கொழும்பிலை விட்ட அண்டைக்கே போன் எடுத்துச் சொன்னவர். அருளப்பண்ணை நனையாமல் கூட்டிக்கொண்டு போனவர், அந்தாளிட்டை ஒண்டும் கேட்டுப்போடாதை, தாங்க மாட்டுது எண்டு."

நான் தெரியாது என்று சொன்ன நாளுக்கும் அவளுக்கு உண்மை தெரிந்த நாளுக்கும் இடையில் மூன்று நாள்தான்.

"அப்ப ஏன் பிள்ளை நீ இவ்வளவு நாளும்..."

"அவர் கேக்க வேண்டாம் எண்டவர். அதாலை கேக்கேல்லை. ஆனால் நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒவ்வொரு நத்தாருக்கும் கேக்கைக் கொண்டுவருவியள். இண்டைக்குச் சொல்லுவார் எண்டு நினைப்பன். குளிரைப் பற்றிக் கதைச்சுப்போட்டுப் போவியள்."

"என்னை மன்னிச்சுக்கொள் ரெஜினா."

"அதுக்கில்லை அண்ணை." முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கு விடிய நான் வேலைக்குப் போட்டன். அவர் வெளிக்கிட்டதை நான் காணேல்லை. இங்கை அவரைக் கடைசியாக் கண்ட எங்கட ஆள் நீங்கள் ஒராள்தான். அதைக் கேக்கத்தான் இருந்தனான். சொல்லுங்கோ. என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?"

பழுப்புச் சட்டை என்றேன். எழும்பிப் போய் அந்தச் சட்டையோடு அவன் நிற்கும் படம் ஒன்றைக் கொண்டுவந்து, இதுவோ என்று கேட்டாள். அதுதான் என்றேன். தலை நனைந்திருந்ததோ என்றாள். ஓம், துவாய் கொடுத்தேன் என்றேன். ஏதாவது சாப்பிட்டவரோ, கோப்பு இருந்த பொலித்தீன் பையை யார் வைத்திருந்தது, பொலிஸ் கையில் விலங்கு போட்டதோ, காரில் எந்தப் பக்கம் இருத்தினார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள், இத்தனை வருடத்துக்குப் பிறகு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிற மாதிரி. எனக்கும் நெஞ்சு இலேசாகத் தொடங்கியது. அப்போதுதான் கேட்டாள்.

"உங்களைக் கடந்து போகேக்கை அவரின்ரை முகம் எப்பிடி இருந்தது அண்ணை?"

என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். பயமில்லாமல் இருந்தது என்று சொல்லலாம். உன் பெயரைச் சொன்னான் என்றுகூடச் சொல்லலாம், நம்பியிருப்பாள். ஆனால் அன்று சொல்லப் போனது பொய் சொல்வதற்கு அல்ல.

"நான் பாக்கேல்லை பிள்ளை," என்றேன். "நிலத்தைப் பாத்துக்கொண்டு கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அவள் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குப் போனாள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.